போக விட்டாரா, போக வைத்தாரா

கொஜே தீவு
ஏப்ரல் 9, 1996

கீவானுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் "அக்கா, கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நீ ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்த என் வாக்குமூலம் திரும்பி வந்திருக்கிறது. என் கைக்கு வரவில்லை, கேன்டீன் வாசல் நோட்டீஸ் போர்டுக்கு வந்திருக்கிறது. இந்தக் கப்பலை வாங்கப்போகிற வெளிநாட்டுக்காரர்கள் விபத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதினார்கள். கம்பெனி அதை நம் கொரிய மொழியில் மாற்றி ஒட்டிவிட்டது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கப்பல் கட்டுகிற இந்த யார்டே நின்று படித்தது. நானும் படித்தேன். "தொட்டி வாசலில் காவலுக்கு இருந்த மெங் கும்ஜாவின் சாட்சியப்படி, ஊழியர் யொம் சாங்தே உள்ளே செல்வதற்கு போர்மேன் அனுமதித்தார்."

அனுமதித்தார். நாற்பத்தேழு வயதில் இந்தச் சொல்லை நான் ஒருமுறைகூட வாயில் போட்டதில்லை. என் பெயருக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கிறது.

என்ன நடந்தது என்று நான் உனக்கு இரண்டு தாள் எழுதி அனுப்பினேன். அதை எங்கே வைத்தாயோ, திரும்பச் சொல்கிறேன். பிப்ரவரி 22, காலை. கப்பலின் அடித்தொட்டியில் முந்தின நாள் குழாய் வெல்டிங்குக்காகத் திறந்துவிட்ட வாயு அப்படியே தேங்கியிருந்தது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, மூச்சை மட்டும் அடைத்துவிடும். காற்றை அளக்கிறவர் வந்து அளந்து, பச்சை அட்டை மாட்டிய பிறகுதான் ஆள் இறங்கவேண்டும். அளக்கிறவர் வரவில்லை. போர்மேன் வந்தார், கூ என்று பெயர். யொம் பக்கம் திரும்பி, "மத்தியானத்துக்குள்ள அந்த வெல்டிங் முடியணும். இறங்குய்யா" என்றார். யொம் இறங்கினார். ஏணியில் பாதி தூரம்கூடப் போகவில்லை, கை நழுவிவிட்டது. தூக்கி வெளியே போடுவதற்குள் ஏழெட்டு நிமிடம் ஆகிவிட்டது. உயிர் இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அந்த நாள் அவர் ஞாபகத்திலேயே இல்லை. புதிதாகச் சொல்வதும் அவர் தலையில் தங்குவதில்லை.

அனுமதித்தார் என்றால் என்ன அர்த்தம்? யொம் போய்க் கேட்டார், போர்மேன் பெரிய மனது பண்ணி சரி என்றார். அப்படித்தானே? அப்படித்தான் எல்லாரும் படிக்கிறார்கள். விதியை மீறித் தானே இறங்கினார் என்று அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வருகிறது. மே 10ஆம் தேதி குழு உட்காருகிறது. வேலை போனால் கம்பெனி வீடும் போய்விடும்.

யார்டில் இருக்கிற மொழிபெயர்ப்பாளர் கம்பெனி ஆள், வேண்டாம் என்று உன்னிடம் வந்தேன். வினைச்சொற்களைப் பற்றிப் புத்தகமே போட்டவன் என் தம்பி என்று அந்த வெளிநாட்டு அலுவலகத்தில் பெருமையடித்துவிட்டு வந்தேன்.

நீ செய்யவேண்டியது ஒன்றுதான். மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது, பிழை என்னுடையது என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா


சியோல்
ஏப்ரல் 13, 1996

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழுக்கப் படித்தேன். மூன்று இடத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "அனுமதித்தார்" என்று நான் எழுதவில்லை. நான் போட்ட ஆங்கிலச் சொல் "லெட்". அதை "அனுமதித்தார்" என்று மாற்றியது உங்கள் கம்பெனிக்காரன். எங்கள் ஜோங்னோ பயிற்சி நிலையத்தில் முதல் வருட மாணவன் அப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். "லெட்" என்பது சாதுவான சொல். தடுக்காமல் இருப்பது, அவ்வளவுதான். கதவு திறந்திருந்தது, பூனை வெளியே போயிற்று, நான் தடுக்கவில்லை என்றால் அதற்கும் "லெட்"தான். அனுமதிச் சீட்டில் முத்திரை குத்துவது வேறு சொல்.

இரண்டாவது. ஒருவனை வற்புறுத்திச் செய்ய வைத்தால் "மேக்". அவன் போக்கில் செய்ய விட்டால் "லெட்". "அம்மா என்னைக் கீரை சாப்பிட வைத்தாள்" என்பது மேக். "அம்மா என்னை டிவி பார்க்க விட்டாள்" என்பது லெட். நம் ஆட்கள் இதில் வருஷக்கணக்காகத் தடுக்கி விழுவதற்குக் காரணம் நம் மொழிதான். செய்ய வைத்தான் என்றாலும் நாம் "கெ ஹெத்தா" என்போம், செய்ய விட்டான் என்றாலும் "கெ ஹெத்தா" என்போம். ஒரே சட்டையை இரண்டு பேருக்கும் மாட்டிவிட்டு, ஆங்கிலத்துக்குப் போகும்போது எந்த ஆள் என்று தெரியாமல் முழிப்போம். போதாக்குறைக்கு "லெட்" பக்கத்தில் தேவையில்லாத ஒரு "டு"வை வேறு ஒட்டவைப்போம்.

நீ அனுப்பிய இரண்டு தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. முதல் தாள், ஒன்பதாவது வரி. "போர்மேன் யொம்மை உள்ளே போக" என்று எழுதி, கடைசியில் அந்தக் "கெ ஹெத்தா"வைப் போட்டு முடித்திருக்கிறாய். "இறங்கு என்று சொன்னார்" என்று அதில் எங்கேயும் இல்லை. "இறங்குய்யா" என்கிற பேச்சை நான் முதல்முறையாகப் பார்ப்பதே இப்போது வந்த கடிதத்தில்தான். நீ அப்போதே அதை எழுதியிருந்தால் ஒரு குழந்தைகூட சரியாக மொழிபெயர்த்திருக்கும்.

நீ கேட்கிற கடிதத்தைப் பற்றி. ஜூன் முதல் காலை ஆறு மணிக்கு வானொலியில் ஆங்கிலப் பாடம் நடத்த என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு வினைச்சொல். புத்தகம் மூன்றாம் பதிப்புக்குப் போகிறது. இந்த நேரத்தில் "லெட்" எது, "மேக்" எது என்று எனக்கே தெரியவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டு ஒரு தாளை ஊரில் உலவவிட முடியுமா? நீயே யோசித்துப் பார்.

நீ அனுப்பிய நெத்திலி வந்தது. உப்பு கொஞ்சம் அதிகம்.

கீவான்


கொஜே
ஏப்ரல் 17, 1996

கீவான்,

எனக்குப் பாடம் வேண்டாம், கடிதம் வேண்டும் என்று எழுதினேன். நீ பாடம் அனுப்பியிருக்கிறாய். பூனை, கீரை, டிவி. இடுப்பொடிந்து படுத்திருக்கிற ஒரு மனுஷனைப் பற்றிக் கேட்டால் நீ எனக்குக் கீரை வைக்கிறாய்.

சரி, பாடம்தான் என்றால் முழுசாகவே படித்துவிடலாம் என்று உன் கடிதம் வந்த அன்றே பஸ் பிடித்து கோஹ்யொன் புத்தகக் கடைக்குப் போனேன். உன் புத்தகம் இருந்தது. நின்றபடியே படித்தேன். கடைக்காரர் முறைத்த பிறகு வாங்கிவிட்டேன். ஆங்கிலம் எனக்குத் தெரியாது, விளக்கமெல்லாம் நம் மொழியில்தானே இருக்கிறது. பக்கம் 64. நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன். "விருப்பமில்லாதவரைச் செய்ய வைத்தால் மேக். செய்ய விரும்பியவரைத் தடுக்காவிட்டால் லெட். கொரிய வாக்கியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐயம் இருந்தால் பேசியவரையே கேளுங்கள்."

கேட்டாயா?

அடுத்த பக்கத்தையும் படித்தேன். ஒருவனை வேலையை விட்டு அனுப்புவதற்கும் "லெட் கோ" என்பார்களாம். கதவைத் திறந்து விடுவதற்கும் அதே சொல், கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கும் அதே சொல். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறவர்களிடம் போய் நம் மொழியைக் குறை சொல்கிறாய்.

உன் கம்பெனிக்காரன் கதையும் எனக்கு ஆகாது. நீ ஒரு சொல் போட்டாய், அவன் அதைப் பார்த்து ஒரு சொல் போட்டான், நடுவில் மனுஷன் மாட்டிக்கொண்டார். இதில் யார் சொல் சாது, யார் சொல் முரடு என்று பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது?

நேற்று மாலை மாடிப்படியில் மிரான் அம்மாவைப் பார்த்தேன். யொம்மின் மனைவி. ஒரே கட்டடம், நான் இரண்டாம் மாடியில் வாடகைக்கு, அவர்கள் நாலாம் மாடியில் கம்பெனி வீட்டில். பதினோரு வருஷமாக குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுவது நானும் அவளும் சேர்ந்துதான். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேற்று நான்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"மிரான் அம்மா, அது நான் சொன்னதில்ல. ஆங்கிலத்துல மாத்தும்போது தப்பாயிடுச்சு."

"உங்க தம்பிதானே மாத்தினாரு?"

"ஆமா."

"புத்தகமெல்லாம் போட்டவருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த மனுஷனுக்கு ஒன்னும் ஞாபகமில்ல. 'நானா போய்க் கேட்டேன்?'ன்னு தினம் என்னைக் கேக்குறாரு. நோட்டீசுல அப்படித்தான் போட்டிருக்குன்னு சொல்றேன். 'என்ன மடத்தனம் பண்ணியிருக்கேன்'னு தலையில அடிச்சுக்கிறாரு. அரை மணி நேரத்துல மறந்துடுறாரு. மறுபடி கேக்குறாரு. நானும் மறுபடி சொல்றேன். நல்லா இருங்க அக்கா."

வானொலியில் காலை ஆறு மணிக்கு நீ பேசும்போது இங்கே யார்டில் ஒலிபெருக்கி வைத்து உடற்பயிற்சி நடக்கும். உன் குரல் ஒருத்தர் காதிலும் விழாது. அதனால் பயப்படாமல் எழுதி அனுப்பு. மே 10.

அக்கா


சியோல்
ஏப்ரல் 22, 1996

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

என் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியதற்கு நன்றி. "கேட்டாயா?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்டிருக்கிறீர்கள். இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்களே எழுத வைக்கிறீர்கள். இது மேக்.

மார்ச் 4ஆம் தேதி, திங்கட்கிழமை, மதியம் ஒன்றரை மணி. யார்டு வாசலில் இருக்கிற டெலிபோன் பூத்திலிருந்து என்னைக் கூப்பிட்டீர்கள். இன்னும் ஏன் அனுப்பவில்லை, வெளிநாட்டு அலுவலகத்தில் நச்சரிக்கிறார்கள் என்றீர்கள். அந்த ஒன்பதாவது வரி எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. அதனால் கேட்டேன். என் சொற்களையே எழுதுகிறேன். "அக்கா, போர்மேன் அவரை வற்புறுத்திப் போக வச்சாரா, சும்மா போக விட்டாரா?"

நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னீர்கள்: "ரெண்டுந்தான்டா. பஸ் வந்துடுச்சு, சீக்கிரம் அடிச்சு அனுப்பு."

ரெண்டும்தான் என்று ஒரு சாட்சி சொன்னால் மொழிபெயர்ப்பவன் எதைப் போடுவான்? ஒருவர் மேல் குற்றம் சுமத்துகிற சொல்லைத் தானாகப் போட எனக்கு என்ன உரிமை? மென்மையானதைப் போட்டேன்.

ஆக, கேட்டேன். பதிலும் கிடைத்தது. பிழை என்னுடையது என்று நான் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து. நெத்திலிப் பொட்டலத்தில் மீதி இருந்ததைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். என் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு, உப்பு ஆகாது.

தங்கள்,
மெங் கீவான்


கொஜே
ஏப்ரல் 25, 1996

என்ன திடீர் மரியாதை. உனக்கு மூக்கு சிந்திவிட்டவள் நான்.

பஸ் வந்தது உண்மை. மற்றதற்கு இப்போது பதில் எழுத முடியாது.

சாப்பிடுகிற பொருளை யாராவது தபாலில் திருப்பி அனுப்புவார்களா?


கொஜே
மே 1, 1996

கீவானுக்கு,

இன்று தொழிலாளர் தினம். யார்டுக்கு விடுமுறை. சுத்தியல் சத்தம் இல்லாமல் காது என்னவோ போல் இருக்கிறது. காலையிலிருந்து மூன்று முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ கேட்டாய். நான் அப்படித்தான் சொன்னேன். ரெண்டும்தான் என்று. நீ அதை எழுதியதும் எனக்கு ஏறிய கோபத்தில் உன் புத்தகத்தைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டேன். நீ பொய் சொல்லியிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

தொட்டி வாசல் காவல் என்றால் என்ன வேலை என்று நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. ஏதோ வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். தொட்டியின் வாய்க்குக் குறுக்கே ஒரு சங்கிலி இருக்கும். இறங்குகிறவர் தன் பெயர்த் தகட்டை என்னிடம் கொடுப்பார். நான் அதைப் பலகையில் மாட்டிவிட்டுச் சங்கிலியைக் கழற்றுவேன். பச்சை அட்டை இல்லாவிட்டால் கழற்றக்கூடாது. கம்பெனி முதலாளியே வந்து நின்றாலும் கழற்றக்கூடாது. எனக்கு வேலை கொடுத்திருப்பதே அதற்காகத்தான்.

அன்றைக்குப் போர்மேன் "இறங்குய்யா" என்று சொன்னதும் யொம் தகட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். "அக்கா, இன்னும் அளக்கலையே" என்றார். போர்மேனிடம் அவரால் சொல்ல முடியாது. என்னிடம்தான் சொல்ல முடியும். நான் "ஆமா, அளக்கல, இருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தான் என்னைப் பார்த்தார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும்.

நான் போர்மேனைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் இதே மாதிரி ஒருவரை நிறுத்தி வைத்ததற்கு அவர் என்னை ஒரு மாதம் மேல்தளத்துப் பனியில் காவலுக்குப் போட்டது ஞாபகம் வந்தது. நான் தகட்டை வாங்கிக்கொண்டு, "சட்டுனு போயிட்டு வந்துடுங்க" என்றேன். சங்கிலியைக் கழற்றினேன்.

அந்த இரண்டு தாளில் இது ஒரு வரியும் கிடையாது. "இறங்குய்யா" என்பதையும் ஏன் எழுதவில்லை என்று கேட்டாயே, எழுதினால் அடுத்து யொம் என்ன சொன்னார் என்று எழுதவேண்டிவரும். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எழுதவேண்டிவரும். அதனால் மொத்தத்தையும் ஒரு "கெ ஹெத்தா"வில் போட்டு மூடிவிட்டேன். நீ போனில் கேட்டபோது போர்மேன் போக வைத்தார், நான் போக விட்டேன் என்பதுதான் வாயில் வந்தது. பாதி வந்தது. மீதியை பஸ் மேல் போட்டுவிட்டேன்.

நோட்டீஸ் போர்டில் "அனுமதித்தார்" என்று படித்தபோது கோபம் வந்தது என்று எழுதினேன். உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் வேறொன்று வந்தது. அப்பாடா என்றிருந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை என்றாகிவிட்டால் என்னையும் யாரும் கேட்கப்போவதில்லை. உன் மேல் நான் இத்தனை நாள் எரிந்து விழுந்ததில் பாதி என் மேல் வந்த எரிச்சல்தான்.

பாதிதான். மீதி உன் மேல்தான். அந்தக் கீரையை நான் மறக்கவில்லை.

அக்கா


சியோல்
மே 5, 1996

அக்காவுக்கு,

இதோடு இருக்கிற உறையை ஒழுங்குக் குழுத் தலைவரிடம் கொடுத்துவிடு. ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வாக்கியம் இரண்டு பொருள் தரும், சாட்சியை இரண்டாம் முறை கேட்டுத் தெளிவுபடுத்தாமல் நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், பிழை என்னுடையது, "லெட்" என்பது நீக்கப்படவேண்டும். கீழே பெயர், புத்தகத்தின் பெயர், முத்திரை. இது பொய்க் கையெழுத்து இல்லை. உன் வாக்குமூலத்தை அன்றைக்கு இரண்டு வகுப்புக்கு நடுவில், கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு, நாற்பது நிமிடத்தில் அடித்து முடித்தேன். நீ போனில் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியும் விட்டுவிட்டேன். எனக்கும் மணி அடித்துவிட்டது.

இந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு வானொலி நிலையத்துக்கும் போனேன். பின்னால் யாராவது கிளப்பினால் அசிங்கம், நாமே சொல்லிவிடலாம் என்று. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்னை விடப் பத்து வயது சின்னவர். படிக்கக்கூட இல்லை, மேலோட்டமாகப் பார்த்தார்.

"சார், லெட்டோ மேக்கோ, காலையில ஆறு மணிக்கு எவன் சார் இதையெல்லாம் கவனிக்கப் போறான்? பல் தேய்ச்சுக்கிட்டே கேப்பாங்க. நீங்க குரலை மட்டும் உற்சாகமா வச்சுக்குங்க."

"ஒரு ஆளோட வேலை போகப்போகுது."

"அதான் சார், அது கப்பல் கட்டுற இடம். இது ரேடியோ."

வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வாரம் நான் தூங்காமல் பயந்த விஷயம் அந்த ஆளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஜூன் மூன்றாம் தேதி தொடக்கம் என்று தேநீர் கொடுத்து அனுப்பினார். இருபது வருஷமாக நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று வரும்போது பஸ்ஸில் எரிச்சலாக வந்தது.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் கேள். சங்கிலியைப் பற்றிக் குழுவில் பேசாதே. நீ எனக்கு எழுதினாய், போதும். யொம்மைக் காப்பாற்ற என் கடிதமே போதுமானது. நீ வாயைத் திறந்தால் வேலை உனக்குத்தான் போகும். நீ ஒப்பந்தத் தொழிலாளி, ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவார்கள். கணவரும் இல்லை, நாற்பத்தேழு வயதில் எங்கே போய் வேலை தேடுவாய்? ஒரு தடவையாவது தம்பி சொல்வதைக் கேள்.

நெத்திலியைத் திருப்பி அனுப்பியது தப்புதான்.

கீவான்


கொஜே
மே 21, 1996

கீவானுக்கு,

உன் கடிதத்தைக் கொடுத்தேன். தலைவர் சத்தம் போட்டுப் படித்தார். நீ "இருபொருள்படும் வாக்கியம்" என்று எழுதிய இடத்தில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள், ஆனால் முத்திரை அவர்களுக்குப் பிடித்திருந்தது. சரி, "அனுமதித்தார்" என்பதை நீக்கிவிடலாம் என்றார் தலைவர். நீ சொன்ன மாதிரியே முடிந்துவிடும் போலத்தான் இருந்தது.

அப்போது போர்மேன் கூ எழுந்து நின்றார்.

"நான் வற்புறுத்தினேன்னே வச்சுக்குவோம். தொட்டி வாசல்ல காவல் எதுக்கு இருக்கு? நான் ஆயிரம் சொல்லலாம், சங்கிலியைத் திறக்கிறது அந்தம்மா. ஆபத்துன்னா திறந்திருக்க மாட்டாங்கல்ல? கேளுங்க. திறந்தாங்களா இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓரத்து நாற்காலியில் மிரான் அம்மா இருந்தாள். கணவருக்குப் பதிலாக அவள் வந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள்.

அந்த ஆள் நான் மழுப்புவேன் என்று நினைத்திருக்கவேண்டும். நான் திறக்கவில்லை என்று சொன்னால் பலகையில் மாட்டியிருந்த தகட்டைக் காட்டுவார், என் சாட்சியம் முழுக்கப் பொய் என்றாகிவிடும். திறந்தேன் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால் எல்லாம் என் தலையில் விழும், அவர் தப்பித்துக்கொள்வார்.

"திறந்தேன்" என்றேன். "பச்சை அட்டை இல்ல. தெரிஞ்சுதான் திறந்தேன். அளக்கலையேன்னு யொம் எங்கிட்ட சொன்னாரு. அவருக்குப் போக இஷ்டமில்ல. நீங்க அவரைப் போக வச்சீங்க. நான் போக விட்டேன். ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கோங்க. இந்தத் தடவை யாரும் மாத்தி எழுதவேண்டாம், நானே சொல்றேன், நீங்க எழுதுங்க."

நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். கடைசியில் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன். உன் அக்காதானே.

யொம்முக்கு ஒழுங்கு நடவடிக்கை இல்லை. வேலை அவர் பெயரில் இருக்கும், வீடும் இருக்கும். போர்மேனை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், அங்கேயும் போர்மேன்தான். என்னை மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். நீ சொன்னது சரியாகத்தான் போயிற்று, அதனால் சொல்லிக்காட்டி ஒரு கடிதம் எழுதவேண்டாம். துறைமுகத்தில் நெத்திலி அவிக்கிற கொட்டகையில் ஆள் கேட்டிருக்கிறார்கள். ஜூனிலிருந்து போகிறேன்.

குழு முடிந்த மறுநாள் நாலாம் மாடிக்குப் போனேன். மிரான் அம்மா கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விலகி நின்றாள். யொம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. நான் அவர் எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். போர்மேன் சொன்னது, அவர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது, என்னிடம் சொன்னது.

"நானா சொன்னேன்? அளக்கலையேன்னு?"

"நீங்கதான் சொன்னீங்க."

"அப்போ எனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும். உங்களுக்கு இறங்க மனசே இல்ல."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? நான் போய்க் கேக்கல. நான் சொல்லியிருக்கேன்" என்றார். மூன்று மாதத்தில் அந்த முகத்தில் நான் அப்படி ஒரு தெளிவைப் பார்க்கவில்லை. பிறகு என்னிடம், "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். சங்கிலியையும் சொன்னேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓ" என்றார். அவ்வளவுதான்.

நான் எழுந்து வந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். மிரான் அம்மா பின்னாலேயே வந்தாள்.

"இதை மார்ச் மாசமே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"அந்த மனுஷனைப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன்." கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நாளைக்கும் வாங்க. அவருக்கு இது தங்காது, மறந்துடும். நான் சொன்னா நம்பமாட்டேங்குறாரு. அங்க இருந்தவங்க வந்து சொல்லணும்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் மேலே போகிறேன். இன்றோடு பதினோரு நாள். ஒவ்வொரு நாளும் அவர் புதிதாகக் கேட்கிறார். அளக்கலையே என்று சொன்னது தான்தானா என்று கேட்டு, ஆமாம் என்றதும் முகம் தெளிகிறது. அடுத்த கேள்வி எப்போதும் அதே கேள்விதான், நீங்க என்ன சொன்னீங்க. ஒரு நாள் அதை விட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். மிரான் அம்மா சமையலறை வாசலில் நின்று காத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நேற்று அவள் எனக்கும் ஒரு கிண்ணம் சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.

மணி ஆறாகப் போகிறது, மேலே போகவேண்டும்.

அக்கா